கிணற்றுக்குள் இறங்கிய பதிவுத் தபால்

விளக்கம் கேட்டு எனக்கு வந்த முதல் கடிதத்தை நானேதான் என் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தபாற்காரனாகச் சேர்ந்து இரண்டாவது மாதம் அது. இருபத்தொரு வருடம் அந்தச் சைக்கிளை உழக்கிவிட்டுப் போன மாதம் ஓய்வு பெற்றேன். வயது ஐம்பத்து நாலு. இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கலாம், வலது தோள் இணங்கவில்லை.

கடைசி நாளில் தபாற் கந்தோரில் தேத்தண்ணியும் வடையும் தந்தார்கள். புதிதாக வந்த இருவர் கையில் தொலைபேசியோடு நின்றார்கள். பதிவுத் தபாலுக்கு இனிப் புத்தகத்தில் கையொப்பம் இல்லையாம், திரையில் விரலால் கீறினால் போதுமாம். அவர்களில் ஒருத்தி, அனுசியா, வடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணை, நீங்கள் றெஜிஸ்ரர் கடிதத்தைத் தலையிலை கட்டிக்கொண்டு கிணத்துக்கை குதிச்சனீங்களாம். மெய்யே?"

"குதிக்கேல்லை. இறங்கினனான்."

சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் பிற்பகல் பை கட்டும் நேரம் வந்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் வல்வெட்டித்துறையில் பிறந்தவன். அப்பா தோணியில் தொழிலுக்குப் போனவர். இடப்பெயர்வு எங்களைச் சுன்னாகத்துக்குத் தெற்கே ஒரு தோட்டக் கிராமத்தில் இறக்கிவிட்டது. வெங்காயமும் வாழையும் புகையிலையும் தெரிந்த சனத்துக்கு நடுவில் நானும், அப்பா கையில் தந்த சில முடிச்சுகளும், அவருடைய தோணியில் இருந்து கழற்றி வந்த ஒரு கப்பியும். கடல் தூரத்தில். ஆனால் தண்ணீர் எங்கும் இருந்தது, கீழே. வீட்டு வளவுக்கு ஒரு கிணறு, தோட்டத்துக்கு ஒரு கிணறு, ஆட்கள் வெளிநாடு போய்விட்ட காணிகளிலும் ஒவ்வொரு கிணறு. சுண்ணாம்புக்கல்லை வெட்டி இறக்கிய பழைய கிணறுகள், கட்டு இடிந்து, விளிம்புவரை புல் மூடிக் கிடந்தன. மாட்டுக்குப் புல்லைத்தான் தெரியும்.

நாங்கள் வாடகைக்கு வந்த வருடமே பக்கத்து வளவுப் பசு விழுந்தது. போய்ப் பார்த்தபோது கழுத்தில் கயிறு போட்டு ஏழு பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாட்டின் நாக்கு வெளியே வந்திருந்தது. நான் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

"தம்பி, நீர் ஆர்?" என்று மேலிருந்து ஒருவர் கேட்டார்.

"வாடகைக்கு வந்த ஆக்கள்."

"உந்த முடிச்சு இறுகாதோ?"

"இறுகாது. இறுகினால் கடலிலை ஆள் செத்துப்போம்."

அந்த மாடு பிழைத்தது. அதற்குப் பிறகு சுற்றியுள்ள ஐந்தாறு கிராமங்களில் எங்கே மாடு விழுந்தாலும் ஆள் ஓடி வந்தது என்னிடம். காசு கேட்டதில்லை, அவர்களும் நீட்டியதில்லை. ஒரு தேத்தண்ணி, சில வேளை சைக்கிள் கரியரில் ஒரு வாழைக்குலை. மாடு கிணற்றுக்குள் செத்தால் அந்தச் சனத்துக்கு நட்டம் மாட்டோடு முடியாது. கிணற்றை முழுதாக இறைக்க வேண்டும், இறைத்தாலும் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க மனம் வராது. 'பசு செத்த கிணறு' என்ற பெயர் காணி கைமாறினாலும் கூடவே போகும். ஆகவே ஓடி வருகிறவனின் முகத்தைப் பார்த்தால் நான் எதையும் கேட்பதில்லை. கயிறு எங்கே, சாக்கு எங்கே என்று மட்டும் கேட்பேன்.

வேலைமுறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் மேலே நிற்கிற சனத்தின் சத்தத்தை நிறுத்த வேண்டும். மேலே கத்தினால் கீழே மாடு சுற்றும், சுற்றினால் களைக்கும், களைத்தால் தலை தாழும். அடுத்தது, இரண்டு வாழைக்குற்றியைத் தறித்து உள்ளே போடுவது. வாழை மிதக்கும். தலையைத் தாங்க மாடு நாடியை அதன்மேல் வைத்துக்கொள்ளும். நாடி வைக்க ஓரிடம் கிடைத்த மாடு பாதி பிழைத்த மாடு. கோடையில் ஆழக் கிணறாக இருந்தால் ஓர் அரிக்கன் லாம்பைக் கட்டி இறக்கிப் பார்ப்பேன். லாம்பு அணைகிற கிணற்றில் நானும் அணைந்துபோவேன். பிறகு இறங்குவேன், மாடு என்னைக் காணும்படியாக, அதோடு ஏதாவது கதைத்துக்கொண்டு. சாக்கை நாலாக மடித்து இரண்டு பட்டி. ஒன்று முன்னங்கால்களுக்குப் பின்னால், மற்றது பின்னங்கால்களுக்கு முன்னால். வயிற்றின் கீழால் அதைக் கொண்டுபோக மூச்சுப் பிடித்து முழுக வேண்டும். கிணற்று வாய்க்குக் குறுக்கே பனங்குற்றி, அதிலே அப்பாவின் கப்பி. இழுப்பது ஆட்கள்தான். உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், வேண்டாம் என்பேன். இயந்திரத்துக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

இப்படி ஐந்தாறு வருடம் போயிற்று. மேசன் வேலைக்குக் கையாளாகப் போய் வந்த காலம் அது, எந்த நேரம் கூப்பிட்டாலும் போகலாம். முப்பத்து மூன்று வயதில் தபாற்காரன் வேலை கிடைத்தது. இரண்டு கிழமை கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கப் பழகினேன், ஒரு கிழமை பழைய தபாற்காரரின் பின்னால் சைக்கிளில் போனேன். பயிற்சி அவ்வளவுதான். நாலாவது கிழமை காக்கிச் சட்டையோடு தனியாக நான், தகுதிகாண் காலத்தில். விளக்கம் கேட்கும் கடிதங்கள் சேர்ந்தால் வேலை நிரந்தரமாகாது என்று கந்தோரில் கதை இருந்தது. கூரைக்குக் கிடுகு மாற்றக் கையில் ஒன்றும் இல்லாத காலத்தில் கிடைத்த வேலை அது. என் மனைவி கமலா அந்தக் காக்கிச் சட்டைகளைத் தோய்த்துக் காயப்போடும்போது கொடியில் மற்ற உடுப்புகளை ஒதுக்கி அதற்குத் தனி இடம் விட்டாள்.

தபால் அதிபர் மார்க்கண்டு சேர். பருத்த உடம்பு, வெள்ளை நீளக் காற்சட்டை, கழுத்துவரை பூட்டிய பொத்தான். காலையில் திகதி முத்திரையைத் திருப்பிப் பூட்டி, ஒரு துண்டுக் கடதாசியில் மூன்று தரம் குத்திப் பார்த்து, மூன்றும் ஒரே அளவு கறுப்பாக இருந்தால்தான் கதவைத் திறப்பார். பஸ்ஸில் வருகிற பையின் அரக்கு உடைக்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். பதிவுத் தபாலை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைப்பார். மேசையில் வைத்து எடுக்கவிட மாட்டார். நான் அவருடைய புத்தகத்தில் கையொப்பம் வைப்பேன், பெறுகிறவர் என்னுடைய புத்தகத்தில் வைப்பார். "இந்தக் கையொப்பத்துக்கும் அந்தக் கையொப்பத்துக்கும் நடுவிலை கடிதம் உன்ரை உயிர்" என்பார். அவர் சத்தம் போட்டு யாரையும் ஏசியதில்லை. ஏசுவதை எழுத்தில் செய்தார்.

இரண்டாவது மாதம், பாதி வழியில் ஒரு மாட்டுக்குக் கூப்பிட்டார்கள். பையைத் தேத்தண்ணிக் கடையில் வைத்துவிட்டுப் போனேன். மிச்சக் கடிதங்கள் அடுத்த நாள்தான் வீடுகளுக்குப் போயின. இரண்டு நாள் கழித்துக் காலையில் கடிதங்களைத் தெருவாரியாக அடுக்கும்போது என் பெயரில் ஒன்று. முத்திரை ஒட்டி, முறையாகக் குத்தி. அனுப்பியவர் மூன்று அடி தள்ளியிருந்து பாரம் நிறுத்துக்கொண்டிருந்தார். வழியில் எங்கள் வீட்டு ஒழுங்கையின் முறை வந்தபோது எங்கள் வேலிப் படலையில் சைக்கிள் மணி அடித்தேன்.

கமலா வந்தாள். "எங்களுக்கும் கடிதமோ? ஆர் போட்டது?"

"சேர்."

"பக்கத்திலை இருக்கிற மனிசனுக்கு என்னத்துக்கு முத்திரை?"

உடைத்துப் படித்தோம். கடமை நேரத்தில் பையைக் கைவிட்டமைக்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தருக. விளக்கம் எழுதினேன். அதை அனுப்புவதற்கான முத்திரையை அவரிடமே வாங்கினேன். கிழித்துத் தந்தார், முகத்தில் ஒன்றுமில்லை. பதில் அவருக்குக் கிடைத்த அன்று, பை கட்டுகிற நேரம், முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"மாட்டுக்குப் போறதெண்டால் போ. அரை நாள் லீவிலை கழிப்பன். பையைப் பூட்டிக் கண்ணுக்கு முன்னாலை வை. ஆனால் றெஜிஸ்ரர் உன்ரை உடம்பை விட்டுப் பிரியப்படாது. விளங்குதோ?"

"ஓம் சேர்."

விளங்கியது. பிழை அங்கேதான் தொடங்கியது என்பது பிறகுதான் தெரிந்தது.

என் வழியின் கடைசித் தொங்கலில் பவானியின் வீடு. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த பிள்ளை. தினமும் படலையில் நிற்பாள்.

"அண்ணை, எனக்கு ஒண்டுமில்லையோ?"

"இண்டைக்கு இல்லைப் பிள்ளை."

"நாளைக்கு?"

"அதை நாளைக்குக் கேள்."

உள்ளே இருந்து தகப்பனின் குரல் வரும். "தபாற்காரனைப் பாத்துப் பாத்து உவள் படலையை ஆட்டினதிலை பிணைச்சல் களண்டு போச்சு. வேலை கிடைச்சால் முதல் பிணைச்சல் வாங்கித் தரட்டும்."

மார்கழி, மழை விட்டிருந்த ஒரு நாள். புல் முழங்கால் உயரம். பையில் அன்றைக்கு ஒரேயொரு பதிவுத் தபால், மண்ணிற நீள உறை, அரச பணி, செல்வி பவானி. சேர் அதை என் உள்ளங்கையில் வைத்தபோது எனக்கே சின்னச் சந்தோசம். படலையில் அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டே உழக்கினேன். பதினொரு மணி இருக்கும், கந்தையா அண்ணை எதிரே சைக்கிளில் வந்தார். வெங்காயத் தோட்டக்காரர், நிதானமான மனிதர். அன்றைக்கு ஒரு காலில்தான் செருப்பு.

"தம்பி, என்ரை மாடு. பத்து நாளிலை கண்டு போடுறது."

"எவ்வளவு நேரம்?"

"ஆருக்குத் தெரியும். விடிய அவிட்டு விட்டது. இப்ப மூக்கு மட்டுந்தான் தெரியுது."

பவானியின் வீடு எதிர்த் திசையில் இரண்டு மைல். போய்த் திரும்பினால் அரை மணித்தியாலத்துக்கு மேல். மூக்கு மட்டும் தெரிகிற மாட்டிடம் அரை மணித்தியாலம் இராது. உறைக்குள் என்ன திகதி என்று எனக்குத் தெரியாது. தபாற்காரனுக்கு உறையின் வெளிப்பக்கம் மட்டும்தான். இத்தனை நாள் காத்தவள் இன்னும் ஒரு மணித்தியாலம் காக்க மாட்டாளா என்று எனக்கு நானே சொன்னேன். அப்படிச் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை.

கிணற்றடியில் பையைப் பூட்டி ஒரு பூவரசங் கொப்பில், எல்லார் கண்ணுக்கும் தெரியத் தொங்கவிட்டேன். சட்டையைக் கழற்றினேன். பதிவுத் தபால் கையில் நின்றது. கந்தையா அண்ணையிடம் கொடுத்திருக்கலாம். உறையைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு வேலை இருக்கவில்லை. ஆனால் உடம்பை விட்டுப் பிரியப்படாது. மழைக்கென்று வைத்திருந்த பொலித்தீன் சொப்பிங் பையில் உறையைச் சுற்றி, உச்சந்தலையில் வைத்து, மேலே துவாயால் இறுக்கித் தலைப்பாகை கட்டினேன். கடலில் அப்பா சுருட்டையும் நெருப்புப் பெட்டியையும் அப்படித்தான் காப்பாற்றினார்.

"உதென்ன தம்பி தலையிலை?" என்றார் ஒருவர்.

"அரசாங்கம்" என்றேன். அந்த நிலையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

கிணறு நிறைந்திருந்தது. விளிம்பிலிருந்து ஓர் ஆள் உயரம்தான் தண்ணீருக்கு. மாடு வாழைக்குற்றியில் நாடியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. சினை மாட்டுக்கு வழமையான இடத்தில் பட்டி போட முடியாது, கன்று நசியும். ஒன்றை நெஞ்சோடு ஒட்டி முன்னுக்கும், மற்றதைத் தொடையோடு ஒட்டிப் பின்னுக்கும் கொண்டுபோக வேண்டும். பின்பட்டி எப்படியோ போட்டாயிற்று. முன்பட்டிக்கு அரைவாசி முழுகினேன், தலை நனையாதபடி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு. அப்படி நிமிர்ந்தபடி இந்த வேலையைச் செய்ய ஏலாது என்று அதுவரை எனக்குத் தெரியாது. பட்டி எட்டவில்லை. மாடு உதறியது. முன்னங்கால் வந்து வலது தோளில் பட்டது. நான் உள்ளே போனேன்.

மேலே வந்தபோது துவாய் தனியே மிதந்தது. சொப்பிங் பை, வயிறு உப்பி, மெல்ல ஒருக்களித்துத் தாழ்ந்துகொண்டிருந்தது.

"தம்பி, மாட்டைப் பிடி" என்று மேலே கத்தினார்கள். குற்றி நழுவி மாட்டின் மூக்கு தண்ணீருக்குள் போய்விட்டது. நான் பையைப் பிடிக்கப் போனேன். எண்ணிச் செய்ததல்ல, கை போயிற்று. பிடித்துப் பல்லில் கடித்துக்கொண்டு திரும்பி, மூக்கை இடது கையால் தூக்கிக் குற்றியில் வைத்தேன். அது தும்மியது. தும்மியதால் உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. அரசாங்கத்தைப் பல்லில் கடித்தபடியே முழுதாக முழுகி முன்பட்டியைப் போட்டேன்.

பன்னிரண்டரைக்கு மாடு கரையில் நின்றது. நாலு காலும் ஆட, ஆனால் நின்றது. கந்தையா அண்ணை அதன் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு நெடுநேரம் எழும்பவில்லை. பிறகு, "கிடக்கு. அசையுது" என்றார்.

நான் சொப்பிங் பையைத் திறந்தேன். சைக்கிள் கம்பி குத்திய ஓட்டை ஒன்று அதில் இருந்தது. உறை ஊறிப் பாரமாக இருந்தது.

நனைந்த கடிதத்தை நேரே கொண்டுபோய்க் கொடுக்கக்கூடாது. கந்தோருக்குக் கொண்டுவந்து, சேதத்தைப் பதிந்த பிறகுதான் கொடுக்கலாம். ஈரக் காற்சட்டையோடு போய் சேரின் முன்னால் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, உறையைப் பார்த்தார். இரண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, நிறைப் படியொன்றைத் தூக்கி மேலே வைத்தார். பதிவேட்டை எடுத்தார். "சொல்லு."

சொன்னேன். எழுதினார். உறையைத் திருப்பிப் பார்த்து நிறுத்தினார்.

"உதென்ன பள்ளம்?"

"பல்லு, சேர்."

"மாட்டின்ரையோ?"

"என்ரை, சேர்."

'பல் அடையாளம்: தபாற்காரருடையது' என்று எழுதி, கீழே கோடு இழுத்தார். பிறகு நான் அதுவரை பார்க்காத ஒன்றைச் செய்தார். கடமை நேரத்தில் முன் கதவைச் சாத்திப் பூட்டினார். "சைக்கிளை எடு."

பவானியின் வீடுவரை அந்தப் பருத்த மனிதரைக் கரியரில் வைத்து, ஒரு தோளின் பலத்தில் உழக்கினேன். ஒற்றுத்தாளோடு உறையை அவர் மடியில் வைத்திருந்தார். படலையில் பவானி வழமைபோல நின்றாள். எங்கள் இருவரையும் கண்டு அவள் முகத்திலிருந்த கேள்வியே மாறிவிட்டது.

"பிள்ளை, உம்முடைய கடிதம் எங்கடை பொறுப்பிலை நனைஞ்சு போச்சு. உங்கடை வீட்டுக்கு வந்து சொல்ல வேணும் எண்டு வந்தனான்" என்றார் சேர்.

அவள் கையொப்பம் வைத்துவிட்டு உறையை உரித்தாள். அச்சடித்த படிவம், எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது. நேர்முகத் தேர்வு, கொழும்பு, கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள். திகதியும் நேரமும் பேனையால் எழுதியிருந்தது. அந்த இடத்தில் நீலமாக ஒரு கறை, வானம் போல, ஒன்றும் இல்லாமல்.

அவள் அதைச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். திருப்பிப் பிடித்தாள். "அண்ணை, இது எண்டைக்கு?" என்றாள்.

எனக்குத் தெரியாது. அந்தப் படலையில் அவள் கேட்ட கேள்விகளில் பதில் என்னிடம் இருந்திருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

தொலைபேசி கந்தோரில். கடிதத்தின் தலைப்பில் கொழும்பு இலக்கம் இருந்தது. மூவரும் திரும்பினோம், பவானி தன் சைக்கிளில் எங்களுக்கு முன்னால் போனாள். இணைப்பு எடுபடவில்லை. ஒன்றரை மணித்தியாலம் சேர் சுழற்றினார், வைத்தார், சுழற்றினார். வெளியே முத்திரை வாங்க வந்த சனம் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு யாரோ செத்துப்போனதாக நினைத்துக் குரலைத் தாழ்த்திக் கதைத்தது. மூன்றேகாலுக்கு எடுபட்டது. கொழும்போடு கதைப்பதற்கு சேர் எழுந்து நின்றார். சட்டையின் மேல்பொத்தானைச் சரிபார்த்தார். மரியாதையான சிங்களத்தில் கேட்டு, துண்டுக் கடதாசியில், அன்று காலை மூன்று தரம் முத்திரை குத்திய அதே கடதாசியில், எழுதினார்.

"நாளைக்குக் காலமை எட்டரை."

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு பஸ் ஐந்து மணிக்கு. பவானி ஓடப் பார்த்தாள். "நில்லும்" என்றார் சேர். கந்தோர்த் தாளில் எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி அவளிடம் தந்தார். 'இக்கடிதம் தபாற் சேவையில் நனைந்தது. பெறுநர்மீது பிழையில்லை.'

தாயையும் கூட்டிக்கொண்டு அவள் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். தலைகூடச் சீவி இழுக்க நேரமில்லையாம். அவ்வளவு காலம் காத்திருந்த தேர்வுக்கு ஆயத்தம் செய்ய அவளுக்குக் கிடைத்தது ஒரு மணித்தியாலம். மிச்சத்தை நான் கிணற்றில் கரைத்திருந்தேன்.

அடுத்த நாள் சேர் இரண்டு கடிதம் எழுதினார். அதற்கடுத்த நாள் காலைத் தபால் கட்டில் இரண்டும் இருந்தன. ஒன்று எனக்கு. மற்றது, 'திரு. மார்க்கண்டு, தபால் அதிபர்', அவருடைய வீட்டு விலாசத்துக்கு, பதிவுத் தபாலில். கடமை நேரத்தில் கந்தோரைப் பூட்டியமைக்கு விளக்கம் தருக. அனுப்பியவரும் அவரே. கந்தோரில் வைத்தே நீட்டினேன். வாங்கவில்லை. "விலாசத்திலை குடு" என்றார். கந்தோர் மூடியபிறகு அவர் வீட்டுக்குப் போனேன். வேட்டியோடு வெளியே வந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, என் புத்தகத்தில் கையொப்பம் வைத்தார்.

"பதில் நாளைக்குப் போடுறன்" என்றார். பிறகு, படலையைச் சாத்தும்போது, "உடம்பை விட்டுப் பிரியப்படாதெண்டு நான் சொன்னது பிழை. இனிக் கிணத்தடிக்கு நான் வாறன்."

வந்தார். மாற்றலாகிப் போகும்வரை, மாடு விழுந்தது என்று யாராவது என்னிடம் ஓடி வந்தால் இன்னொருவர் கந்தோருக்கு ஓடுவார். பிறகு புதிதாக வந்த ஓர் உதவியாளரிடம் கந்தோரை ஒப்படைத்துவிட்டு சேர் புத்தகத்தோடு வருவார். மாடு கீழே கதற, சனம் மேலே நிற்க, பதிவுத் தபாலை ஒவ்வொன்றாக என் கையிலிருந்து தன் உள்ளங்கைக்கு வாங்கி, கிணற்றுக் கட்டில் புத்தகத்தை வைத்துக் கையொப்பம் போடுவார். அதன்பிறகு, "இப்ப இறங்கு" என்பார். மிச்ச வழியை அவரே சைக்கிளில் போவார். இரண்டு பேருடைய வேலையாக அது அப்படித்தான் நடந்தது. கந்தையா அண்ணையின் மாடு பதினோராம் நாள் நாகுகன்று போட்டது. அதற்கு றெஜிஸ்ரர் என்று பெயர் வைத்தார். மேய்ச்சலில் அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என் வழிவரை கேட்கும்.

பவானி தெரிவாகவில்லை.

மாசியில் ஒரு நாள் படலையில் நின்று தானே சொன்னாள். "கடிதத்தாலை இல்லை அண்ணை. அவை சேரின்ரை தாளை வாசிச்சவை, நான் கதையைச் சொல்லச் சிரிச்சவை, மாடு பிழைச்சதோ எண்டும் கேட்டவை. எனக்கு உயரம் காணாதாம். அளந்துபோட்டு விட்டிட்டினம்."

சொல்லும்போது என் பக்கத்தில் நின்றாள். அவளுடைய உச்சி என் சட்டையின் தோள் தையலுக்குச் சரியாக நின்றது. அதை மனத்தில் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், தையல் நாடாவை எடுத்துக் கமலாவிடம் கொடுத்தேன். செருப்போடு நின்றேன். நிலத்திலிருந்து தோள் தையல்வரை அளக்கச் சொன்னேன்.

"ஆருக்குத் தைக்கப் போறியள்?"

காரணத்தைச் சொன்னேன். அளந்தாள். தாதியர் பயிற்சிக்கு அரச அறிவித்தலில் கேட்டிருந்த உயரம் சரியாக இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அப்ப அந்தப் பிள்ளை உங்கடை மனம் நோகக்கூடாதெண்டு சொல்லியிருக்கு" என்றாள் கமலா. "இல்லாட்டிச் செருப்புப் போட்டிருந்திருப்பாள். காலைப் பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. வருடக் கணக்காக அந்தக் காலை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். வெயில், படலை, கழன்ற பிணைச்சல் எல்லாம் வரும். கால் மட்டும் வராது. அவள் பிறகு முன்பள்ளியில் படிப்பித்தாள். நான் பிறகும் கிணறுகளில் இறங்கினேன். ஒவ்வொரு தரமும் தண்ணீர் நெஞ்சுக்கு வரும்போது அந்த நீலக் கறை ஒருமுறை வந்து போகும்.

ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு ஒரு வைகாசியில் அவளுக்கு இன்னுமொரு மண்ணிற உறை வந்தது, அரச பணி, பதிவுத் தபால். மணி அடித்தேன். முற்றம் கூட்டிக்கொண்டு நின்றவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்தாள். கையொப்பம் வைத்தாள். உறையை உடைக்கவில்லை. பெருவிரலால் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைவரை தடவினாள்.

"காய்ஞ்சுதான் கிடக்கு" என்றாள்.

நான் சிரிக்க முயன்றேன். புத்தகத்தை மூடிப் பையில் வைத்தேன். அப்போது அவள் சொன்னாள்.

"அண்ணை, உங்கடை மனிசி முந்தியொருக்காக் கோயிலடியிலை சொன்னவ, நீங்கள் நாடா வைச்சு அளந்தனீங்கள் எண்டு. அண்டைக்கு நான் சந்தைக்கு வெளிக்கிட்டுச் செருப்போடை நிண்டனான்."

நான் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன்.

"இப்பப் பாருங்கோ. வெறுங்காலோடைதான் நிக்கிறன்."

சைக்கிளைத் தாண்டி வந்து, என் வலப்பக்கத்தில், மணலில் குதிக்காலை ஊன்றி, பள்ளிக்கூடப் பிள்ளை போல நேராக நின்றாள். நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அவளுடைய உச்சி தோள் தையலுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது.